மேளக்கரடிக்குப் போனவர்

ஜூன் 9, திங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அண்ணி எழுதுவது. இறைவன் அருளால் நீயும் உன் தையல் கடையும் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கணக்கு எழுதித்தான் பழக்கம். கடிதம் எழுதி எத்தனையோ காலமாகிறது. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ கையில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போடுவாய், உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் காகிதம்.

உன் அண்ணன் அங்கே இருக்கிறார் என்று தெரியும். "தங்கச்சி வீட்டில் இருக்கிறேன்" என்று சனிக்கிழமை இரவு ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஆபீசிலிருந்து ஆள் வந்து கேட்டார். உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். பொய் இல்லை. ஆனாலும் சொல்லிவிட்டு உடனே கதவைச் சாத்திக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே 'மேளக்கரடி' என்று ஒரு படம் வந்திருக்கிறது. நாமெல்லாம் சின்னவர்களாக இருந்தபோது கடைக் கண்ணாடிக்குள் இருக்குமே, முதுகில் சாவி கொடுத்தால் வயிற்று மேளத்தை அடித்துக்கொண்டு நடக்கும் தகரக் கரடி, அதை வைத்துக் கோடி கோடியாய்க் கொட்டி எடுத்த படம். குழந்தைகள் பார்க்கிறார்களோ இல்லையோ, நரைத்த தலைகள்தான் வரிசையில் நிற்கின்றன. தியேட்டர்க்காரர்கள் வாசலில் ஆளுக்கொரு கரடிக் காது தருகிறார்கள். துணியில் தைத்தது, தலையில் மாட்டிக்கொள்ள. உன் அண்ணன் அதை மாட்டிக்கொண்டு படம் பார்த்திருக்கிறார். மாட்டிக்கொண்டே வெளியே வந்தார். முகமெல்லாம் அழுத முகம்.

சின்னவளே, நீயே சொல். எடை அளவு ஆபீசர் அவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசை எல்லாம் துடைத்து வைப்பார்கள். பின்னால் 'எடைக்கல்' என்று பேர் வைத்திருக்கிறார்கள், அவருக்கும் அது தெரியும், உள்ளுக்குள் பெருமைதான். அப்படிப்பட்டவர் நடுத்தெருவில் கரடிக் காதோடு நின்றால் நாளைக்கு எந்தக் கடைக்காரன் மதிப்பான்? படத்துக்குப் போவதாக என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "ஆபீஸ்ல கொஞ்சம் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் எங்கள் பிரார்த்தனைக் குழுவோடு ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன். கூட்டத்தில் பேச முடியவில்லை. அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். நீ சொன்னால் கேட்பார். புத்தி சொல்லி அனுப்பி வை. நான் கோபமாக இல்லை என்றும் சொல்.

அன்புடன்,
அண்ணி

~

ஜூன் 12, வியாழன்

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். 'ஒரு வேலையாக அந்தப் பக்கம் போயிருந்தேன்' என்ற இடத்தில் மட்டும் இன்னும் ஒரு தடவை.

என்ன வேலை என்று நான் சொல்லட்டுமா? அண்ணன் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு நோட்டீஸ் இருந்தது. துவைக்கப் போடுவதற்கு முன்னால் எடுத்தேன். "பெரியவர்களே! குழந்தையின் பொம்மை உங்களுக்கு எதற்கு? வளர்ந்த மனத்துக்கு இது அழகா? காத்திருக்கும் உங்கள் வீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள்" என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் யார் இப்படிக் கேள்வி மேல் கேள்வியாக எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் கல்யாணத்தில் சமையல்காரருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டே இப்படித்தான் இருந்தது. "உப்பு குறைந்தால் யார் பொறுப்பு?"

அண்ணன் வந்த மூன்றாம் நாள், நான் ஒரு பாவாடைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல், மெஷினைப் பார்த்துச் சொன்னான். படம் விட்டு வெளியே வந்தானாம். நீங்களும் உங்கள் குழுப் பெண்களும் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தீர்களாம். உங்களைப் பார்த்ததும் அவனுக்குச் சந்தோஷம் வந்ததாம். அதைக் கேளுங்கள் அண்ணி. சந்தோஷம். ஓடி வந்து படத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தானாம். அதற்குள் யாரோ, "ஐயோ இதப் பாருங்கடி, எந்த வீட்டுப் பிள்ளையோ" என்றாளாம். எல்லோரும் சிரித்தீர்களாம். நீங்களும். பிறகு ஒரு நோட்டீஸை எடுத்து, முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுப்பது போல, "படிச்சுப் பாருங்க ஐயா" என்று நீட்டினீர்களாம்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னானாம். "பாவம், அவ குழுவுக்கு முன்னாடி அவளுக்கு ஒரு மாதிரி ஆயிடும்ல" என்கிறான். எனக்கு வந்த கோபத்துக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பிச் செல்லுங்கள் என்று நீங்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். திரும்பித்தான் வந்திருக்கிறான், என் வீட்டுக்கு.

அந்தக் கரடியைப் பற்றி உங்களிடம் அவன் எப்போதும் சொன்னதில்லை போலிருக்கிறது. எனக்கே பாதிதான் தெரியும். எங்கள் எதிர்வீடு டாக்டர் வீடு. அவர் பையனிடம் அந்தக் கரடி இருந்தது. சாவி ரொம்ப இறுக்கம், பையனுக்குச் சுற்ற வராது. அவன் ஜன்னலில் இருந்து, "டேய், சாவி குடுக்க வாடா" என்று கூப்பிடுவான். அண்ணன் சாப்பாட்டில் இருந்துகூட எழுந்து ஓடுவான். அம்மா கத்துவாள். அந்த வீட்டில் ஒரு சட்டம், எங்கள் கால் அவர்கள் விரிப்பில் படக் கூடாது. அதனால் நிலைப்படியில் உட்கார்ந்து சாவி கொடுத்து, கரடியை விரிப்பின் ஓரத்தில் விட வேண்டும். அது டாக்டர் பையனைப் பார்த்து நடந்து போகும். இவனுக்கு முதுகுதான் தெரியும்.

முந்தாநாள் சொல்கிறான், "அதுக்கு முதுகுல சாவி சுத்தறது மட்டும்தான் எனக்குத் தெரியும். கண்ணைச் சிமிட்டும்னு அவன் சொல்லுவான். நான் பாத்ததே இல்ல. படத்துல மொதல்ல ரொம்ப நேரம் முதுகைத்தான் காட்டறான். அப்புறம் அது திரும்புது. அவ்ளோ பெரிய திரை, முழுசா. என் பக்கம். கண்ணைச் சிமிட்டிச்சு."

ஐம்பது வயது தாண்டிய ஆள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து இதைச் சொல்கிறான் அண்ணி. பட்டன் தைக்க வந்த பெண் ஒருத்தி கேட்டுக்கொண்டு நின்றாள். நான் புத்தி சொல்லி அனுப்ப வேண்டுமா? யாருக்கு?

அவன் எப்போது வருவான் என்று எனக்குத் தெரியாது. இங்கே சோறு இருக்கிறது, படுக்க இடம் இருக்கிறது.

சின்னவள்

~

ஜூன் 15, ஞாயிறு

சின்னவளுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது. அடுப்பில் பால் வைத்திருந்தேன். படித்து முடிப்பதற்குள் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. நான் நகரவில்லை.

நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூட மிகை இல்லை. சிரித்தேன். நோட்டீஸை நீட்டினேன். "ஐயா" என்றேன். என் முதல் கடிதத்தில் இதையெல்லாம் விட்டுவிட்டேன். தினமும் விளக்கேற்றி உட்கார்ந்து, பொய் சொல்லாத நாக்கைக் கொடு என்று கேட்கிறவள் நான். உன்னிடம் பொய் சொல்லவில்லை என்றுகூட எனக்குள் சொல்லிக்கொண்டேன். விட்டது வேறு, பொய் வேறு என்று. செலவில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டுக் கணக்குச் சரி என்று சொன்னால் நானே ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பது எனக்குத் தெரியவில்லை. அழுத கண்ணைக் கண்டதும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன், அதற்கு மேல் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. காதைத்தான் பார்த்தேன். பக்கத்தில் நிற்கிறவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று அவர்கள் முகத்தைப் பார்த்தேன்.

நேற்று மத்தியானம் அந்தப் படத்துக்குப் போனேன். சனிக்கிழமை என்பதால் எங்கள் குழு வாசலில் நிற்கும் என்று தெரிந்தே போனேன். ஆனால் நுழையும்போது பக்கத்து வாசல் வழியாக, தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

காது கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். போட்டுக்கொள்ளத் தைரியம் வரவில்லை, மடியில் வைத்திருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஆபீஸ் பையோடு ஒரு மனிதர். முன்வரிசையில் இரண்டு பெண்கள், கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை, வேலை முடிந்து நேராக வந்திருப்பார்கள் போலும். ஒரு தாத்தா, தனியாக. குழந்தைகளே மிகக் குறைவு. படம் ஒரே சத்தம். கரடி தன் சாவியைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடுகிறது, நடுவில் சண்டை, கார் எல்லாம் பறக்கிறது. எனக்குத் தலைவலி வந்துவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் படம் பிடிக்கவில்லை.

ஆனால் உன் அண்ணன் சொன்ன அந்த இடம் வந்தது. அதுவரை முதுகு. திரும்பக் கிடைத்த சாவி மட்டும் மெல்லச் சுற்றுகிறது. அரங்கத்தில் தின்பண்டப் பொட்டலம் கசங்குகிற சத்தம்கூட நின்றுவிட்டது. கரடி திரும்பப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்போது பக்கத்தில் இருந்த மனிதர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார், சின்னவளே. இருட்டில். யாரோ தன்னைப் பார்க்கப் போகிறார்கள் என்பது போல. என் கையும் தலைமுடியை ஒதுக்கியது. நான் ஒதுக்கவில்லை, அதுவாகவே போனது.

அந்தப் பொம்மை என் கையில் இருந்ததில்லை. ஆசைப்பட்ட ஞாபகம்கூட இல்லை. ஆனால் வளர்ந்தவர்கள் குழந்தையாக மாறத்தான் இங்கே வருகிறார்கள் என்று நினைத்து நோட்டீஸ் எழுதினேனே, அது தப்பு. குழந்தையாக இருந்தபோது யாரும் இவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லையோ என்னவோ. எல்லோருக்கும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த வரிசையில் அப்படித் தோன்றியது. அவர்கள் தலையில்தான் நான் 'இது அழகா' என்று அச்சடித்துப் போட்டிருக்கிறேன்.

வெளியே வந்தேன், இந்தத் தடவை முன்வாசல் வழியாக. எங்கள் குழுத்தலைவி என்னைப் பார்த்துவிட்டு, "என்னம்மா உள்ளேயிருந்து வர்றே? யாரையாவது தேடிப் போனியா?" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. 'ஆ' என்று வாய் திறந்தும்விட்டது.

"இல்லக்கா. படம் பாக்கப் போனேன்" என்றேன். காதைக் கையில் தூக்கிக் காட்டினேன். பிறகு சொன்னேன், "போன வாரம் இதை மாட்டிக்கிட்டு, கண்ணெல்லாம் செவந்து ஒருத்தர் வந்தாரே. நான் நோட்டீஸ் குடுத்தேனே. அவர் என் வீட்டுக்காரர்."

தலைவி நோட்டீஸ் கட்டைத் தட்டித் தட்டி நேராக்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார், "தெரியும்மா. கூட்டம் முடிஞ்சா உன்னைக் கூட்டிட்டுப் போக வருவாரே, எங்களுக்குத் தெரியாதா? தெரியாமதான் மொதல்ல சிரிச்சோம். கிட்ட வந்ததும் தெரிஞ்சுபோச்சு. நீ நோட்டீஸ் நீட்டினதும் நாங்க என்னத்தச் சொல்றது? நீயே காட்டிக்கலியே."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, சின்னவளே. ஒரு வாரமாக. வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோருக்கும். நான் மறைத்தது யாரிடமிருந்து? யாரும் ஏமாறவில்லை, அடிபட்டது அவர் மட்டும்தான்.

குழுவில் கடைசியாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். வழியில் யாரும் கேட்காதபடி, "அக்கா, படம் நல்லாருக்கா?" என்றாள். "ஒரு இடம் நல்லாருக்கு" என்றேன்.

அவர் வர வேண்டும் என்று கேட்கும் வாய் எனக்கு இல்லை. இதை அவரிடம் படித்துக் காட்டு. அவ்வளவுதான். நீ கோபப்பட்டது சரி.

அண்ணி

~

ஜூன் 19, வியாழன்

அன்புள்ள அண்ணி,

படித்துக் காட்டினேன். நான்தான் படிக்க ஆரம்பித்தேன், 'எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அவன் வாங்கி மிச்சத்தைத் தானே படித்தான். படித்துவிட்டு என் அளவு நாடாவை எடுத்துத் தன் இரும்பு அளவுகோலோடு வைத்துப் பார்த்தான். "உன் நாடா நீண்டு போச்சு. ஊர்ல எல்லார் இடுப்பையும் குறைச்சுக் குறைச்சுச் சொல்லிட்டு இருக்கே" என்றான். "அதனாலதான்டா எனக்கு இவ்ளோ வாடிக்கை" என்றேன். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தான்.

மறுநாள் காலை வண்டிக்குக் கிளம்பினான். சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைப் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"என்னடா, இன்னும் என்ன? அவங்கதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்களே" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்கு வலிக்கும். ஆனால் நீங்கள் உங்களுடையதை ஒளிக்காமல் எழுதியிருக்கும்போது நான் இதை மறைத்தால் நன்றாக இருக்காது. எழுதச் சொன்னதும் அவன்தான்.

"அவளைக் காப்பாத்தறதுக்காக 'நன்றிங்க'ன்னு சொன்னேன்னு உன்கிட்ட சொன்னேன்ல? பொய். எனக்கு வெட்கமா இருந்தது. என்கூடப் படம் பாத்துட்டு வெளிய வந்தவங்க எல்லாரும் அவங்களைப் பாத்து முகம் சுளிச்சுட்டுப் போனாங்க. 'வந்துட்டாங்க புத்தி சொல்ல'ன்னு ஒருத்தன் சொன்னான். அவ கையில நோட்டீஸோட முன்னாடி நிக்கறா. அந்த நேரத்துல இவ என் பொண்டாட்டின்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதேன்னு இருந்தது. அவ எனக்குப் பண்ணினதை நானும்தான் அவளுக்குப் பண்ணினேன். அவ எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. நான் யார்கிட்ட சொன்னேன்? நல்லவன் மாதிரி இங்க வந்து உக்காந்துட்டு, உன் வாயால அவளைத் திட்ட வெச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு, "இப்ப எந்த மூஞ்சியோட போறது?" என்றான்.

நான் உங்களுக்கு எழுதிய அந்தக் கடிதத்துக்காக எனக்கும் இப்போது ஒரு மாதிரி இருக்கிறது. அண்ணன் பக்கம் பேசுகிறோம் என்ற மிதப்பில் எழுதிவிட்டேன். சமையல்காரர் சீட்டை எல்லாம் இழுத்திருக்க வேண்டாம்.

லீவை நீட்டித்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்கள் யார் இவர் என்று கேட்கிறார்கள். அண்ணன், ஓய்வுக்கு வந்திருக்கிறார் என்கிறேன். என்ன செய்வதென்று தெரியவில்லை.

சின்னவள்

~

ஜூன் 23, திங்கள்

அன்புள்ள சின்னவளுக்கு,

அவர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. நல்ல கோபம். பாத்திரங்களை எல்லாம் இறக்கி, கழுவினதையே மறுபடி கழுவினேன். இவ்வளவு வருஷம் சமைத்துப் போட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஆபீசரம்மா என்று கடைத்தெருவில் தலைநிமிர்ந்து நடந்தவளைத் தெரியாது என்று காட்டிக்கொள்ளவா என்று இருந்தது. அழுதேன். சாயங்காலம் விளக்கேற்றி உட்கார்ந்தபோது மனசு வேறு மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோபம் வந்ததே பெரிய நிம்மதி என்று தோன்றியது. அவர் பெருந்தன்மையாக என்னைக் காப்பாற்றிவிட்டுப் போனார் என்று நினைத்த வரைக்கும் என்னால் அவர் முன்னால் நிற்கவே முடியாது என்றிருந்தது. அவ்வளவு நல்லவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது? இப்போது முடியும் என்று தோன்றுகிறது.

இது சரியான நினைப்பா, பாவமா என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை பிரார்த்தனைக்குப் போனேன். நோட்டீஸ் எழுதும் வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று தலைவியிடம் சொல்லிவிட்டேன். "ஏம்மா, கோவமா?" என்றார். "இல்லக்கா, எனக்குக் கேள்வி கேக்கத்தான் வருது" என்றேன். பிறகு இருவரும் ஒன்றாகத்தான் கண்ணை மூடி உட்கார்ந்தோம்.

நீ எழுதியது எதற்கும் வருத்தப்படாதே. நீ அப்படி எழுதாவிட்டால் நான் இன்னும் 'ஒரு வேலையாக அந்தப் பக்கம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

எந்த முகத்தோடு வருவது என்று அவர் யோசித்துக்கொண்டே இருந்தால் லீவுதான் தீரும். அவர் வர வேண்டாம். நான் வருகிறேன். சனிக்கிழமை மத்தியான வண்டி. சாயங்காலம்தானே உன் கடையில் கூட்டம் இருக்கும்? துணி வாங்க வருகிறவர்கள், அளவு கொடுக்கிறவர்கள், வம்பு பேச உட்காருகிறவர்கள் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்து வந்து சேர்கிறேன். கடையை அடைத்துவிடாதே. நான் வருவது அவருக்குத் தெரியட்டும், ஒளிந்து விளையாட வேண்டாம். ஸ்டூலை மட்டும் உள்ளே நகர்த்தாமல், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்திலேயே போட்டு வை.

நான் வாசலில் வந்து நின்றதும் யாராவது கேட்பார்கள், யாருங்க இவங்க என்று. நீ ஊசியில் நூல் கோப்பது போலக் குனிந்துகொள். நீ பதில் சொல்லிவிடாதே.

அண்ணி